வெள்ளைப் பூவில் வந்த துவக்கு

எங்கள் வீட்டுக்குத் துவக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னமே அதைப் பற்றிய கவலை வந்து சேர்ந்துவிட்டது. கவலைப்படுவதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல தேர்ச்சி. பள்ளிக்கூட பஸ் போய்விடுமோ, கராஜ் கதவைப் பூட்டினார்களோ இல்லையோ, மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மீன் குழம்பு மணக்குமோ என்று நாள் முழுக்கக் கவலைப்படுவேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நகம் வளரவே இல்லையே என்று ஆசிரியை ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறார். வளர்ந்தால்தானே, நான்தான் கடித்துத் தின்றுகொண்டிருந்தேனே.

துவக்கு வாங்க வெளிக்கிட்டவர் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. நாலு வயதில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் வளர்ந்தவர். ஊர்ச் சண்டை அவருக்கு ரிவியில் பார்த்த சங்கதி. கல்யாணம் ஆகாதபடியால், ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வாங்கிய புது வீட்டின் பேஸ்மென்றில் எங்களோடு இருந்தார். விட்பியில் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு சனிக்கிழமை தன் தகப்பனின் பண்ணைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போய், வேலிக் கட்டையில் சோடா ரின்களை அடுக்கிவைத்துச் சுடப் பழக்கியிருக்கிறார். பன்னிரண்டு ரின்னில் ஒன்பது விழுந்ததாம். அதோடு சித்தப்பாவின் கால் நிலத்தில் நிற்கவில்லை.

உடனே இரண்டு நாள் வகுப்புக்குப் போனார், சோதனை பாஸ் பண்ணினார், லைசென்ஸுக்கு விண்ணப்பம் எழுதினார். அந்தப் படிவத்தில், இவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். அப்பா ஒன்று போட்டார். மற்றதுக்குப் படிவத்தை அம்மாவிடம் நீட்டினார் சித்தப்பா. அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவுமில்லை, படிவத்தைப் பார்க்கவுமில்லை.

“நான் உதிலை கையெழுத்து வைக்க மாட்டன் தம்பி. வேலையிடத்திலை ஆரையும் கேளுங்கோ.”

“சும்மா ஃபோமாலிட்டி அண்ணி. கோல் பண்ணி ரண்டு கேள்வி கேப்பாங்கள், அவ்வளவுதான்.”

“அதுதான் சொல்லுறன். என்னட்டை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்க வேண்டாம்.”

அம்மா அப்படிக் கறாராகப் பேசுபவர் அல்ல. இனிப்புக் கேட்டால்கூட “பிறகு பாப்பம்” என்பாரே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அந்த மறுப்பு எனக்குப் புதுக் கவலையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம், தெரியாத இலக்கத்திலிருந்து வீட்டுப் போன் அடித்தால் அம்மா எடுக்க மாட்டார். என்னையும் எடுக்க விட மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்று, அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்போம். கிணறு துப்பரவாக்கும் ஆட்கள் மாதிரி, வீட்டின் காற்றுக் குழாய்களைத் துப்பரவாக்கட்டோ என்று கேட்கிற கம்பனிக்காரன்தான் பெரும்பாலும் கூப்பிடுவான். ஆனால் எனக்கு ஒவ்வொரு மணியும் பொலிஸ்தான். பொலிஸ் எதற்காக வரும் என்பது தெரியாது. வரும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

அம்மாவுக்குத் துவக்கென்றால் பயம், இதுதான் நான் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம். அதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. மே மாதத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாணவேடிக்கை விடும்போது அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, காற்றாடியைப் போட்டுவிடுவார். எல்லாம் முடிந்த பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதவர்போல வருவார். அப்பாவைக் கல்யாணம் செய்து, சண்டை நடந்த வன்னியிலிருந்து வந்தவர் அம்மா. வருவதற்கு முன் அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், “பள்ளிக்கூடம் போனன், வீட்டிலை இருந்தன்” என்று இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்.

லைசென்ஸ் வந்தது. பொலிஸ் வரவில்லை. நான் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தபோதுதான் அடுத்த கட்டம் ஆரம்பித்தது. எந்தத் துவக்கு?

சித்தப்பா ஒரு சப்பாத்து வாங்குவதற்கே மூன்று மோல் ஏறி இறங்குபவர். இதற்குக் கேட்க வேண்டுமா? கடைசியில் இரண்டு துவக்கில் வந்து நின்றார். இரண்டும் ஒரே இனம். விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், குழலுக்கு அடியிலுள்ள மெல்லிய குழாயிலிருந்து ஒரு தோட்டா மேலே ஏறும். சின்னத் தோட்டா, என் சுண்டுவிரலின் அரைவாசிகூட வராது. நடுவில் குத்தாமல் அதன் விளிம்பில் தட்டினால் வெடிக்கிற சாதி என்பதால் அதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பேஸ்மென்றில் இருந்த எங்கள் ஒரே கொம்பியூட்டரில் சித்தப்பா வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான். வகுப்பில் கொடுத்த புத்தகத்தையும் என்னிடம் தந்து, தன்னைக் கேள்வி கேட்கச் சொல்லுவார். குழல் வாயை ஆட்கள் இல்லாத பக்கம் பிடி, விசையில் விரல் வைக்காதே, கையில் எடுத்ததும் திறந்து பார், உள்ளே ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் கண்டு உறுதிசெய். கேட்டுக் கேட்டே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

இரண்டில் ஒன்று மார்க்கம் நகரத்துக் கடையில் இருந்த புதுத் துவக்கு. உடம்பு பித்தளை, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி மினுங்கும். மற்றது பழசு. ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே பண்ணை வைத்திருந்த ஒரு கிழவர் விற்க வைத்திருந்தது. கறுத்த இரும்பும் வால்நட் மரமும், பிடி மழமழவென்று தேய்ந்து போயிருந்தது. சித்தப்பா காலையில் புதுசு என்பார். பின்னேரம் வேலையால் வரும்போது பழசு என்பார். புதுசுக்கு உத்தரவாதம் இருக்கிறது, ஆனால் பாரம். பழசு கைக்கு அடக்கம், ஆனால் உதிரிப்பாகம் கிடைக்காது. பித்தளையில் கைரேகை பதியுமாம். பழசு எத்தனையோ வருடம் சுட்டுச் சுட்டுப் பழகினது, வளையம் வெண்ணெய் மாதிரி இழுபடுமாம். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்காய்க் குழம்புக்கு மேலாக இந்த விவாதம் ஓடும். அம்மா தன் பாட்டுக்குச் சோறு போடுவார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோற்றை அளைந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் அம்மா என்னைக் கூப்பிட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் குனிந்து காதோடு சொன்னார்.

“பிள்ளை, உந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாதெண்டு சாமியிட்டைக் கேள். நீ கேட்டால் குடுப்பார்.”

“நீங்களும் கேளுங்கோவன் அம்மா.”

“நான் கேட்டது காணும். இனி நீ கேள்.”

அன்றிலிருந்து அந்தப் பாரம் என் தலையில். பல் தீட்டும்போதும் கேட்டேன், பஸ்ஸிலும் கேட்டேன், கணக்குப் பாடத்தின் நடுவிலும் கேட்டேன். சாமி பதில் சொல்வதற்குள் அப்பா வாயைத் திறந்துவிட்டார். தம்பியின் ஊசலாட்டம் பொறுக்காமல், “உனக்கு முடிவெடுக்கத் தெரியாட்டில் பூக்கட்டிப் பாரன்” என்று பகிடிக்குச் சொன்னார். சித்தப்பா அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் கலியாணப் பேச்சில் இரண்டு இடம் பொருந்தி வந்தால் செய்கிற வேலை இது. ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனிக் கடதாசியில் மடித்துச் சாமிக்கு முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். பிள்ளைக்குக் கள்ளம் தெரியாது, ஆகவே எடுப்பது சாமியின் கை. மாப்பிள்ளை பார்க்கப் பூக்கட்டினவர்களை எனக்குத் தெரியும். துவக்குப் பார்க்கப் பூக்கட்டினது ரொறன்ரோ வட்டாரத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

எங்கள் சாமியறை மேல்மாடியில் உடுப்பு அலுமாரியாக இருந்த இடம். வெளியே நடைக் கூரையிலிருந்த புகை மணி சாம்பிராணிக்கு அடிக்காமலிருக்க, அதற்குக் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தோம். மார்ச் மாதம், வெளியே பனி. சுப்பர்மார்க்கட்டில் வாங்கிய கார்னேஷன் பூதான் பூ. சிவப்பு, பித்தளைத் துவக்குக்கு. வெள்ளை, கிழவரின் பழசுக்கு. தமிழ்க் கடை விளம்பரத் தாளைக் கிழித்து அப்பா மடித்தார். அம்மா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா மடிக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூ மடித்த துண்டின் ஓரத்தில் அறுக்குளா மீன் படத்தின் வால் தெரிந்தது. சாமிக்கு முன்னால் மீன் வால் கிடப்பதைக் கவனிக்கிற நிலையில் பெரியவர்கள் யாரும் இல்லை. அப்பா இரண்டு பொட்டலத்தையும் குலுக்கித் தட்டத்தில் போட்டார். நான் கண்ணை மூடினேன். ஆனால் முழுக்க மூடவில்லை.

என் யோசனை இதுதான். இரண்டில் ஒன்று வரத்தான் போகிறது, சாமியே நினைத்தாலும் இனித் தடுக்க முடியாது. பழசு என்றால் எங்கள் பழைய வக்கூம் கிளீனர் மாதிரி, எங்கள் முதல் கார் மாதிரி, பழுதாகத்தான் இருக்கும். வெடிக்காது. வெடிக்காத துவக்குக்கு அம்மா பயப்படத் தேவையில்லை. எல்லாருக்கும் நல்லது. மீன் வாலைத் தொட்டு எடுத்து நீட்டினேன். சித்தப்பா பிரித்தார். வெள்ளை.

“சாமியே சொல்லிப்போட்டுது” என்றார் சித்தப்பா. அம்மா கீழே இறங்கிப் போனார். களவு செய்தவளின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் கிழவரின் பண்ணைக்குப் போனார்கள். நான் முன் யன்னலில் நின்றபடி, கார் வழியில் பழுதாகிவிட வேண்டும் என்றும், பழுதானால் அப்பாவுக்குக் குளிருமே என்றும் மாறி மாறிக் கவலைப்பட்டேன். மூன்று மணிக்கு வந்துவிட்டார்கள். நீளப் பெட்டி ஒன்றைப் போர்வையால் சுற்றி, பக்கத்து வீட்டார் பார்க்காமல் கராஜ் வழியாக பேஸ்மென்றுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா மேலே புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கீழே போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். போனேன்.

சித்தப்பா விசைப் பூட்டைக் கழற்றினார். துவக்கைத் தூக்கி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். கண் கலங்கியிருந்தார் என்றே சொல்லலாம்.

“மனுசன் என்னெண்டு வைச்சிருக்கிறார் பாத்தியளோ அண்ணை.”

எடுத்ததும் திறந்து பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை என்பதையும் கண்டேன். ஆனால் பெரியவர்களுக்குப் பிழை பிடிக்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். சொல்வதா விடுவதா என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, “சத்தத்தைக் கேள்” என்று அவர் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தார். சளக், சளக். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்தா, பிடிச்சுப் பார். எம்ப்டிதான். கிழவர் எனக்கு முன்னாலை திறந்து காட்டினவர்.”

நான் கையை நீட்டினேன். குழல் வாய் அப்பாவின் வயிற்றைக் கடந்து என்னிடம் வந்துகொண்டிருந்தது.

“தம்பி. அசையாதேங்கோ.”

அம்மா படியில் நின்றார். எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. குரல் உயரவில்லை, பதற்றமும் இல்லை. அது அம்மாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நேரே வந்து, எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நின்று, துவக்கை அவர் கையிலிருந்து எடுத்தார். வாயைச் சீமெந்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வளையத்தைத் தள்ளினார்.

உள்ளிருந்து ஒன்று துள்ளி வந்து, கம்பளத்தில் விழுந்து, உருண்டு, என் காலுறையில் வந்து தட்டி நின்றது. சின்னதாய், மஞ்சளாய், முழுசாய்.

அம்மா இன்னும் நாலைந்து தடவை வளையத்தை இழுத்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். குழலுக்கு அடியிலிருந்த உள்குழாயை உருவி, சரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு துவக்கைத் திறந்தபடி மேசையில் வைத்தார். எல்லாம் நான் ஒருமுறை மூச்சு விட்டு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த ஒழுங்கு பிசகவில்லை. அந்தப் புத்தகத்தை அம்மா ஒருநாளும் திறந்ததில்லை.

சித்தப்பா கதிரையில் இருந்துவிட்டார். குழாய்க்குள் பழைய எண்ணெய் பிசினாகி ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, காரில் வந்த குலுக்கத்தில் அது விடுபட்டிருக்கிறது என்பதெல்லாம் பிறகு கண்டுபிடித்தது. அப்போது அவர் தோட்டாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. எழுந்து போய், பேஸ்மென்றின் அந்தச் சின்ன யன்னலுக்குத் திரையை இழுத்து மூடினார். வெயில் கண்ணில் குத்துகிறதாக்கும் என்று நான் நினைத்தேன்.

நான் துவக்கைப் பார்த்தேன். கறுத்த மரத்தில் அம்மாவின் விரல்கள் மாவில் வெள்ளையாகப் பதிந்திருந்தன. பிடியில் மூன்று விரல். சுட்டுவிரல் மட்டும் விசைக்குள் இல்லை, அதற்கு மேலே இரும்பின் பக்கவாட்டில், கோடு போட்டதுபோல நேராக நீண்டு கிடந்தது. அம்மாவும் அதைக் கண்டார். சட்டையின் நுனியால் அழுத்தித் துடைத்தார். ஒரு இடமும் விடாமல் துடைத்தார்.

“புட்டு அவியுது” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அன்று பின்னேரம் சித்தப்பா சாப்பிட வரவில்லை. அடுத்த கிழமையே துவக்கை, வாங்கின விலைக்குக் குறைவாகவே, கிழவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பித்தளைத் துவக்கைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு அம்மாவோடு கதைக்கும்போது சித்தப்பாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். அம்மா உடுப்புக் கூடையைத் தூக்கினால் ஓடிவந்து வாங்குவார். பயந்துவிட்டார் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் அன்றைக்கே கேட்டேன். புட்டுக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“யூரியூப்பிலை பாத்தனான்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரை எப்படிப் போடுவது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. நாடகம் பார்க்க வேண்டுமென்றால் நான்தான் கீழே போய்ப் போட்டுக்கொடுக்க வேண்டும். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? நெஞ்சு முழுக்க என் களவுதான் அடைத்துக்கொண்டிருந்தது. நான் சாமியை ஏமாற்றினேன், சாமி ஒரு தோட்டாவை அனுப்பிவிட்டார். இன்னொரு நிமிடம் போயிருந்தால் அப்பாவோ நானோ செத்திருப்போம். எல்லாம் அந்த மீன் வாலால். இனித் தாங்க முடியாது என்று அழத் தொடங்கினேன்.

“நான்தான் அம்மா செய்தனான். எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் செய்தனான். ஆருக்கும் தெரியக்கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன்.”

அம்மா குழாயை நிறுத்தினார். ஈரக் கையோடு என் முன்னால் முழந்தாளில் இருந்தார். நான் பூவைச் சொல்கிறேன் என்று விக்கி விக்கி விளக்கினேன், மீன் வாலையும் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய நெஞ்சு என்னுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

“ஆருக்கும் சொல்லாதை பிள்ளை” என்றார். “பள்ளிக்கூடத்திலை ரீச்சர் கேட்டாலும் சொல்லாதை. அம்மாவை இஞ்சையிருந்து கூட்டிக்கொண்டு போயிடுவினம்.”

ஒரு பூப் பொட்டலத்துக்காக அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்களா? இருக்கும் என்று நினைத்தேன். பிள்ளை செய்த களவுக்குத் தாய்தானே பொறுப்பு. என் குற்றத்தை மறைப்பதற்கு அம்மா இவ்வளவு நடுங்குகிறாரே என்று எனக்குப் பெரிய துக்கமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதோடு, என்னால் அம்மாவுக்கு ஒன்றும் வராது, நான் பார்த்துக்கொள்கிறேன், பயப்பட வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னேன்.